ஆற்றுக்குள் முப்பது நாள்

பிப்ரவரியில் பனி வேண்டாம் என்று அழுத அதே வாயால்
ஜூன் மாதம் பனியை வா என்று கெஞ்சுவோம்.
இந்த மேட்டு நிலத்தில் எங்கள் ஜெபம் அப்படித்தான்,
முன்னுக்குப் பின் முரண்.

கிழங்கைத் தரையில் பரப்ப வேண்டும்.
இரவு அதை உறைய வைக்கும்.
பகலில் வைக்கோல் மூடி வெயிலிடமிருந்து ஒளிக்க வேண்டும்.
மூன்று இரவு.
பிறகு சாக்கில் கட்டி, கல் வைத்து,
ஆற்றில் முப்பது நாள்.
வெளியே எடுத்து, மறுபடி உறையவிட்டு, மிதித்து,
தோலுரித்து, காயவைத்தால்
அதுதான் துந்தா.
சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளை, எடையே இருக்காது.
பத்து வருஷம் கெடாது.

அந்த வருஷம் பிப்ரவரியில் வந்தது கல்மழை.
கீன்வாக் கதிர் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை.
மார்ச்சில் ஃப்ளோரென்சியோ ரத்தமாக இருமினான்.
வெள்ளீயச் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம்
சம்பளத்தோடு வாங்கிய தூசி அது.
ஏப்ரலில் அவனைப் புதைத்தோம்.
பெட்டிக்குப் பலகை கடன், ஆணியும் கடன்.
மே மாதம் மகன் க்ரோவர் எல்லை தாண்டிப் போய்விட்டான்,
அவன் அப்பாவின் நல்ல காலணியைப் போட்டுக்கொண்டு.

பாஸ்டர் எர்மோஹெனெஸ் சைக்கிளில் வந்தார்.
"பொன்னைத்தான் சகோதரி, நெருப்பில் புடம் போடுவார்கள்" என்றார்.
நான் பொன் பார்த்ததில்லை.
ஈயம் பார்த்திருக்கிறேன்.
உருக்கினவன் வீட்டில் விருந்து,
தோண்டினவன் வீட்டில் இருமல்.
தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.
அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை.
அதற்கடுத்ததும்.

ஆனால் கிழங்கு காத்திருக்காதே.
இரவில் லாந்தரோடு ஆற்றுக்குப் போவேன்,
சாக்கு ஏதும் அவிழ்ந்து மிதந்துவிட்டதா என்று பார்க்க.
தண்ணீர் கத்தியாக இருக்கும்.
ஒருநாள் கல் நழுவி விரல் நசுங்கியது.
அப்போது கத்தினேன்.
ஆயமாரா மொழியில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும்.
யாரும் பதில் சொல்லவில்லை.
ஒரு லாமா மட்டும் திரும்பிப் பார்த்தது.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது:
இல்லாத ஆளோடு
எவளாவது இவ்வளவு நேரம் சண்டை போடுவாளா?

அன்றும் சமாதானம் வரவில்லை. பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் மறுநாளும் போய்
விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

சாக்குகளைக் கரையேற்றிய வாரம்,
ஞாயிற்றுக்கிழமை,
கோயில் மணி அடிக்கவே இல்லை.
நிமிர்ந்து பார்த்தால்
சபை மொத்தமும் என் வயலுக்கு நடந்து வருகிறது.
பதினோரு பேர்.
கிதாருக்கு ஒரு தந்தி குறைவான அந்தப் பையனும்,
முட்டிவலிக்காரி சத்துர்னினாவும்.
ஒருவரும் பேசவில்லை.
செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு
என் கிழங்கின் மேல் ஏறி மிதித்தார்கள்.

பாஸ்டர் என் பக்கத்தில் மிதித்தார்.
பொன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அவர் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது,
வெள்ளைக் கிழங்கில் ஒரு சிவப்புப் பொட்டு.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆணி ஏறிய ஒரு பாதத்தை
இருபது வருஷமாகப் பாட்டில் பாடியிருக்கிறேன்.
அது தரையில் நிற்கும் பாதம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பனி நல்லது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.
பனி பனிதான்.
ஃப்ளோரென்சியோ இருந்திருந்தால்
இந்த விசுவாசம் எனக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.
ஆனால் இப்போது இருப்பது
அன்று இருந்தது அல்ல.
அது ஈரமாயிருந்தது, சீக்கிரம் முளைவிட்டது, சீக்கிரம் அழுகியது.
இது காய்ந்தது.
கையில் எடுத்தால் எடை தெரிவதில்லை.

நேற்று மேல்தெரு எலியோதோராவின் குழந்தை இறந்துபோனது.
போனேன்.
சொல்ல ஒரு வார்த்தையும் எடுத்துப்போகவில்லை,
அந்த வருஷத்து மூட்டையிலிருந்து
ஒரு படி துந்தா மட்டும்.
சட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன்.
கல்லாய்க் கிடந்தது. ஊற ஓர் இரவாகும்.
அவள் அடுப்படியில்
விடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.